என்று சொன்னால் சரிதான்

உங்களுக்கும் கைக்குத்தானா? நான் தோள்பட்டையாக்கும்னு நினைச்சேன். எனக்கும் கைதான். இந்தா, இந்த மணிக்கட்டுல பிடிச்சு முழங்கை வரைக்கும். ஒரு டம்ளரைத் தூக்கினா நழுவிப் போயிருது. உள்ள பிசியோதெரபி பாக்குத பிள்ளை கையில கரண்ட் வைக்கும். எறும்பு ஊருத மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பயப்பட ஒண்ணுமில்ல. பெருசா பிரயோஜனமும் இல்ல. வரச் சொல்லுதாங்க, வாரேன்.

பீடி சுத்துதீங்களோ? விரல் நுனியைப் பார்த்தேன், அதான் கேட்டேன். உங்களுக்குக் கை வலிக்குன்னா ஒரு நியாயம் இருக்கு. எனக்கு வலிக்குன்னா எங்க ஆபீஸ்ல சிரிக்காங்க. ‘உக்காந்து டைப் அடிக்கிறதுக்கு என்ன மேடம் வலி’ங்காங்க. நான் கோர்ட்டுல ஸ்டெனோ. பிலோமினான்னா எங்க ஊர் கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவுல இருந்து டீ கொண்டு வாரவர் வரைக்கும் தெரியும். ஸ்டெனோன்னா என்னன்னா, கூண்டுல ஏறி சாட்சி சொல்லுதாங்கல்லா, அதைக் கேட்டு எழுத்துல கொண்டு வரணும். ஜட்ஜ் சொல்லுத தீர்ப்பைக் குறிப்பெடுத்து டைப் அடிக்கணும். கல்யாணத்துக்கு முந்திச் சேர்ந்தேன். என் மகளுக்கே இப்ப கல்யாணம் முடிஞ்சாச்சு. இத்தனை வருஷமும் கோர்ட் ஹால்ல, ஜட்ஜுக்குக் கீழ, அந்த மேஜையிலதான் இருந்தேன். இப்ப நகல் பிரிவுல தூக்கிப் போட்டுட்டாங்க. ஏன்னு கேக்காதீங்க.

கேக்கீங்களா? சரி. உங்க நம்பரும் என் நம்பரும் வர எப்படியும் நேரமாகும்.

நான் சேரும்போது கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. தமிழ் டைப்ரைட்டர். நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. முழுக்க இரும்பு. ‘யளனக, யளனக’ன்னு அடிச்சுப் பழகினது. அதுல ஒரு விஷயம் என்னன்னா, புள்ளி வைக்கணும்னா முதல்ல புள்ளியை அடிச்சுட்டுத்தான் எழுத்தை அடிக்கணும். கையால எழுதுறதுக்கு அப்படியே தலைகீழ். அதனால சாட்சி வாயில என்ன வரப்போகுதுன்னு எனக்குக் கொஞ்சம் முந்தியே தெரியணும். தெரிஞ்சும் போகும். ஆள் கூண்டுல ஏறி நிக்கிற நிலையைப் பார்த்தே முதல் வரியை அடிச்சுருவேன். நடுவுல கார்பன் வச்சு மூணு தாள் சொருகியிருக்கும். ஒரு எழுத்து தப்பினா மூணுலயும் அழிக்கணும். அப்படி இருக்க, யோசிக்காம அடிப்பமா?

அப்புறம் சாட்சி பேசுதது ஒரு மாதிரி, கோர்ட்டுல எழுதுதது ஒரு மாதிரி. உங்க பக்கத்து ஆளுங்க வந்தா ‘அவன் வந்தாம், இவன் போனாம்’பாங்க. நான் ‘எதிரி வந்தார்’னு போடுவேன். எதிரின்னா கேஸ்ல குத்தம் சாட்டப்பட்ட ஆள். வக்கீல் குறுக்க நின்னு கேப்பாரு, ‘நீ அன்னைக்கு ஊர்லயே இல்லையே?’ன்னு. அதுக்கு ஒருத்தர் தலையை ஆட்டுவாரு, ஒருத்தி அழுவா, ஒருத்தர் அவுங்க அண்ணன் தம்பி கதை எல்லாம் சொல்லுவாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு ரெண்டே விதமாத்தான் எழுதணும். ‘நான் ஊரில் இல்லை என்று சொன்னால் சரிதான்.’ இல்லாட்டி, ‘சரியல்ல.’ அவ்வளவுதான். மனுஷன் பேசுத பேச்சு எல்லாம் இந்த ரெண்டுக்குள்ள அடங்கிரும். அடங்காதது கோர்ட்டுக்குத் தேவையில்ல.

சட்டப்படி ஜட்ஜுதான் அதைச் சொல்லணும், நாங்க அடிக்கணும். ஆனா ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் கட்டு வருது தெரியுமா? அவங்க எதைன்னு பாப்பாங்க? ‘பிலோமினா போட்டுக்கிடுவாங்க’ன்னு விட்டுருவாங்க. நானும் போட்டுக்கிடுவேன். ஒரு ஒற்று விட்டிருக்க மாட்டேன். என் தாளை மேல்கோர்ட்டுல பார்த்தா யார் அடிச்சதுன்னு தெரியும். அவ்வளவு சுத்தமா இருக்கும்.

போன வருஷம் ஒரு புது ஜட்ஜ் அம்மா வந்தாங்க. சின்ன வயசு. நல்ல மாதிரிதான், குறை சொல்ல மாட்டேன். அவங்க வந்து கொஞ்ச நாள்ல அந்த மைக்கு வந்துது. சோதனை போட்டுப் பாக்காங்களாம், எங்க கோர்ட்டையும் சேர்த்துட்டாங்க. சென்னையில இருந்து ரெண்டு பேர் வந்து தரையைக் கிழிச்சு வயர் போட்டாங்க. ஜட்ஜ் மேஜையில ஒண்ணு, சாட்சிக் கூண்டுல ஒண்ணு, வக்கீலுங்க நிக்கிற இடத்துல ஒண்ணு, என் மேஜையில ஒண்ணு. கழுத்து வளைஞ்சு, நுனியில நீல லைட்டு எரியும். பேசுதது எல்லாம் உள்ள பதிவாயிரும். பதிவாகுறது மட்டுமில்ல, பேசப்பேச ஸ்கிரீன்ல அதுவே தமிழ்ல எழுதும். நான் பக்கத்துல இருந்து பிழை திருத்தணுமாம்.

என்ன எழுதும்ங்கீங்க? ‘இடுப்பு’ன்னா ‘அடுப்பு’ன்னு எழுதும். ‘சாட்சி’யைக் ‘காட்சி’ன்னு எழுதும். ஒரு நாள் வக்கீல் ஆவுடையப்பன் இருமினாரு, அதுக்கு ஏதோ ஒரு ஊர் பேரைப் போட்டுது. இதைத் திருத்துறதுக்குப் புதுசாவே அடிச்சுரலாம். நான் புதுசாவேதான் அடிச்சேன். அது ஒரு பக்கம் எழுதிக்கிட்டு இருக்கும், நான் ஒரு பக்கம் அடிச்சுக்கிட்டு இருப்பேன். அதுக்கு நான் பேச்சுக் கொடுக்கவும் இல்ல, அது என் வழிக்கு வரவும் இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்பதான் மாடத்தி கேஸ் வந்துது.

மாடத்தி ரைஸ்மில்லுல வேலை பார்த்தவ. நெல் அவிக்கிறது, காயப்போடுறது, அந்த வேலை. அம்பது வயசு இருக்கும். நல்ல உயரம். மில்லு முதலாளி மகன் கார்த்தீசன்னு ஒருத்தன். அங்க மூட்டை ஏத்துறதுக்கு லாரி உயரத்துக்கு ஒரு மேடை இருக்குமாம். கூட வேலை பார்த்த ஒரு பிள்ளைத்தாச்சியை அவன் மூட்டை பிடிக்கச் சொல்லியிருக்கான். இவ போயி, ‘வயித்துப் பிள்ளைக்காரியை மூட்டை தூக்கச் சொல்லுதியே, உனக்கு நெஞ்சு இருக்கா?’ன்னு கேட்டிருக்கா. அவன் வாயில வந்தபடி பேசி, மேடையில வச்சே பிடிச்சுத் தள்ளிட்டான். கீழ சிமெண்டுத் தரை. இடுப்பு எலும்பு ஒடிஞ்சு போச்சு. மாசக்கணக்கா படுக்கையில கிடந்து, கோர்ட்டுக்கு வரும்போது கம்பு ஊனிக்கிட்டுத்தான் வந்தா. கூண்டுல ஏற ஒரு படி இருக்கும். அந்த ஒரு படி ஏற அவ பட்ட பாட்டை எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். நானும் பாவம்னுதான் நினைச்சேன். எனக்கும் அவளுக்கும் என்ன பகை?

அரசு வக்கீல் முதல்ல விசாரிச்சாரு. ‘கார்த்தீசன் உங்களை என்ன சொன்னாரு?’ன்னு கேட்டாரு. இவ பட்டுன்னு சொல்லிட்டா. அப்படியே அவன் சொன்ன வார்த்தையை. எனக்குக் காது கூசிப்போச்சு. அதை உங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன், நான் ஞாயித்துக்கிழமை கோயில்ல பாட்டுப் படிக்கிறவ. நான் ‘எதிரி என்னைத் தகாத வார்த்தைகளால் பேசினார்’னு போட்டேன். ஒரு பொம்பளை வாயில இருந்து அது வந்துதுன்னு ரெக்கார்டுல கிடக்கலாமா? நாளைக்கு அவ பேரன் பேத்தி எடுத்துப் படிச்சா? அவளுக்காகத்தான் செஞ்சேன். திரும்பிப் பார்த்தா மிஷின் அந்த வார்த்தையை முழுசா எழுதி வச்சிருக்கு. அடுப்பு எது இடுப்பு எதுன்னு தெரியாத மிஷின், அதை மட்டும் ஒரு பிழை இல்லாம எழுதியிருக்கு! நான் அழிச்சுட்டேன்.

பிறகு ஆவுடையப்பன் எந்திரிச்சாரு. அவர்தான் கார்த்தீசனுக்கு வக்கீல். அவர் சத்தம் போட மாட்டாரு. மெதுவா, வீட்டுல பேசுத மாதிரி கேப்பாரு.

‘ஏம்மா, மேடை அன்னைக்கு ஈரமா இருந்துது. நீயே கால் வழுக்கி விழுந்துட்டு, முதலாளி மகன் மேல பழியைப் போடுதே. அப்படித்தான?’ன்னாரு.

மாடத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தா. பார்த்துட்டு, ‘ஆமாய்யா. நானாப் போயித்தான் விழுந்தேன். இடுப்பு ஒடிஞ்சு கெடக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை பாருங்க’ன்னா.

ஹால்ல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. வக்கீலும் சிரிச்சாரு. அரசு வக்கீல் அந்த நேரம் பக்கத்துக் கோர்ட்டுல கூப்பிட்டாங்கன்னு வெளிய போயிருந்தாரு. ஜட்ஜ் அம்மா ஏதோ ஜாமீன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் அடிச்சேன். ‘மேடை ஈரமாக இருந்ததால் நானாகவே வழுக்கி விழுந்தேன் என்று சொன்னால் சரிதான்.’

நீங்களும் அப்படிப் பாக்காதீங்க. எல்லாரும் இப்படித்தான் பாக்காங்க.

அவ கேலியாச் சொன்னது எனக்குத் தெரியாதாக்கும்? நல்லாத் தெரியும். நானும் இந்த ஊர்ல பிறந்தவதான. ஆனா கேலிக்கு டைப்புல எழுத்து இருக்கா? இருந்தாச் சொல்லுங்க, அடிக்கேன். கேட்ட கேள்விக்கு அவ ‘ஆமா’ன்னாளா, ‘இல்ல’ன்னாளா? ஆமான்னா. கோர்ட்டுல கூண்டுல நின்னுக்கிட்டு கேலி பேசலாமா? ‘இல்லய்யா, அவன்தான் தள்ளினான்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ‘சரியல்ல’ன்னு அடிச்சிருப்பேன். எனக்கு ஒரு எழுத்து கூடுதல், அவ்வளவுதான். இடுப்பு ஒடியணும்னு ஆசைன்னு எல்லாம் எங்க போய் எழுத? அதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுன்னு விட்டுட்டேன். அப்படித்தான் விடணும். அப்படித்தான் எத்தனையோ விட்டிருக்கேன்.

அதோட அந்தக் கேஸை நான் மறந்தே போனேன். மத்த சாட்சி எல்லாம் வந்தாங்க. அந்தப் பிள்ளைத்தாச்சிப் பிள்ளை நான் ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவளுக்கும் அதே மில்லுலதான வேலை. டாக்டர் வந்து எலும்பு ஒடிஞ்சது நிஜம், எப்படி ஒடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதுன்னாரு. அப்ப என்ன மிச்சம்? மாடத்தி சொன்னது மட்டுந்தான் மிச்சம்.

வாதம் நடந்த அன்னைக்கு மாடத்தி வந்திருந்தா. அவ வரணும்னு இல்ல. வந்து பின்னால பெஞ்சுல கம்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ஆவுடையப்பன் தாளை எடுத்து என் எழுத்தை வாசிச்சாரு. கணீர்னு வாசிச்சாரு. ‘நானாகவே வழுக்கி விழுந்தேன் என்று சொன்னால் சரிதான். சாட்சியே ஒத்துக்கொண்ட பிறகு இதுல விசாரிக்க என்னம்மா இருக்கு?’ன்னாரு.

பின்னால இருந்து ஒரு சத்தம். ‘ஏ, யாரு சொன்னா? யாரு அப்படிச் சொன்னா?’ன்னு. மாடத்தி எந்திரிச்சு நிக்கா. கம்பை எடுக்கக்கூட இல்ல, முன் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. பேர் கூப்பிடுத டவாலி போயி ‘உக்காரும்மா, உக்காரும்மா’ங்காரு. ‘நான் உக்கார மாட்டேன். அவன் தள்ளினான்னுதான இத்தனை நாளும் சொல்லுதேன்? ஊருக்கே சொன்னேன், போலீசுக்குச் சொன்னேன், இங்க வந்து மாத்திச் சொல்ல எனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?’ன்னு அவ கத்துதா.

ஜட்ஜ் அம்மா கட்டைப் புரட்டினாங்க. ‘நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா. படிச்சுக் காட்டி சரின்னு ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கே’ன்னாங்க.

‘யாரு படிச்சுக் காட்டினா?’ன்னு கேட்டா.

எல்லாக் கோர்ட்டுலயும் சாட்சியம் முடிஞ்சதும் கடைசியில ஒரு வரி இருக்கும்மா. ‘படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்.’ அது எப்பவும் ரெடியா இருக்கும். நாங்க தனியா அடிக்கிறதுகூடக் கிடையாது. அடியில அதுவா வந்து நிக்கும்.

அரசு வக்கீல் அன்னைக்கு ஹால்ல இருந்தாரு. என்னைக்கும் இல்லாம அன்னைக்குப் பார்த்து எந்திரிச்சு, ‘அம்மா, மிஷின்ல பதிவு இருக்குமே, போட்டுக் கேட்டுருவோமே’ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷந்தான். போடுங்க, அவ ஆமான்னு சொன்னது எல்லாருக்கும் கேக்கட்டும்னு நினைச்சேன். தேதியைப் பார்த்து நானேதான் எடுத்துக் கொடுத்தேன். நானேதான் பட்டனை அமுக்கினேன்.

முதல்ல ஆவுடையப்பன் கேள்வி வந்துது. பிறகு அவ குரல். ‘ஆமாய்யா. நானாப் போயித்தான் விழுந்தேன்.’ ஸ்பீக்கர்ல கேக்கும்போது வேற மாதிரி இருந்துது. அன்னைக்கு எனக்கு அப்படிக் கேக்கல. அன்னைக்குச் சிரிச்சவங்கள்ல பாதிப் பேரு இன்னைக்கும் ஹால்ல இருந்தாங்க, ஒருத்தரும் சிரிக்கல. மிஷின்ல மட்டும் அந்தச் சிரிப்பு ஓடுது. சிரிப்பு அடங்கினதும் ஜட்ஜ் அம்மா குரல் கேட்டுச்சு. ‘என்ன மேடம் சொன்னாங்க?’

அதுக்கு ஒரு குரல், ‘சரிதான்னு ஒத்துக்கிட்டாங்கம்மா’ன்னு.

அது யார் குரல்னு ஒரு நொடி எனக்குத் தெரியல. தொண்டை கட்டின மாதிரி, சலிச்சுப் போன ஒரு பொம்பளைக் குரல். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சுது. என் மேஜை மைக்கு. அது எங்க ஜட்ஜ் அம்மா கீழ குனிஞ்சு ஏதாவது சொன்னா பிடிக்கிறதுக்கு வச்சதுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். என் குரலை அது எதுக்குப் பிடிக்கணும்? நான் சாட்சியா, வக்கீலா?

நான் நிறுத்தப் போனேன். ஜட்ஜ் அம்மா ‘ஓடட்டும்’னாங்க.

ஓடுச்சு. பிரிண்டர் சத்தம், தாள் உருவுத சத்தம். பிறகு மாடத்தி, ‘எழுத்து பொடியா இருக்கேம்மா, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்’ங்கா. அந்தக் குரல், அதான் என் குரல், ‘எல்லாம் நீ சொன்னதுதான்மா. போடு. உன்னை மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு நான் அடிக்கணும்’ங்குது. பிறகு பேனா தாள்ல உரசுத சத்தம்கூடக் கேட்டுச்சு. அவ்வளவு நல்ல மைக்கு.

ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சாங்க. மாடத்தி என்னைப் பார்ப்பாள்னு நினைச்சேன். பாக்கல. அவ அந்த ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு இருந்தா, அதுக்குள்ள ஆள் இருக்கிற மாதிரி.

பிறகு என்னை ரூமுக்குக் கூப்பிட்டாங்க. சத்தம் போடுவாங்கன்னு நினைச்சுப் போனேன். போடல. அது இன்னும் சங்கடமா இருந்துது.

‘நான் உங்ககிட்ட கேட்டேனே மேடம்’னாங்க.

‘அவ ஆமான்னுதானம்மா சொன்னா’ன்னேன்.

‘அப்படியா சொன்னாங்க?’

‘அம்மா, மிஷினும் அதைத்தான் எழுதியிருக்கு. ஆமாம் ஐயா, நானாகப் போய்த்தான் விழுந்தேன்னு. வேணும்னா பாருங்க. நான் எழுதினதுல வார்த்தைதான் வேற.’

‘மிஷினுக்கு அந்த அம்மா முகம் தெரியாது. நீங்க அவங்களுக்கு நேர் எதிர்ல உக்காந்திருந்தீங்க’ன்னாங்க.

எனக்குக் கோபம் வந்துட்டு. ‘நீங்களும்தானம்மா மேல இருந்தீங்க? நீங்க படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?’ன்னு கேட்டுட்டேன். ஒரு ஜட்ஜுகிட்ட அப்படிப் பேசக் கூடாதுதான். அவங்க, ‘படிக்கல. கையெழுத்து மட்டுந்தான் போட்டேன்’னாங்க. அடுத்த நாள் போட்ட உத்தரவுல அதையும் எழுதிட்டாங்க, தெரியுமா? சாட்சியத்தைச் சரிபாக்காம கையெழுத்துப் போட்டது தன் தவறுன்னு, தன் பேர்லயே. நான் எத்தனையோ ஜட்ஜைப் பார்த்திருக்கேன், இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்ல. மேல இருக்கவங்களே இப்படி எழுதிக்கிட்டா கீழ இருக்கவங்களை யாரு காப்பாத்துவா? அவங்க எழுதினதுனாலதான் என் விஷயமும் மேல போச்சு. எனக்கு மெமோ வந்துது. சோதனை போட்டுப் பாத்த மிஷினுக்கு ஒண்ணும் இல்ல. அதுவும் ஆமான்னுதான எழுதுச்சு?

மாடத்தியை மறுபடி கூண்டுக்குக் கூப்பிட்டாங்க. அன்னைக்கு என் நாற்காலியில சுபான்னு ஒரு பிள்ளையை உக்கார வச்சாங்க. வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகியிருக்காது. நான் பின்னால ஸ்டூல்ல, சாவி ஒப்படைக்கிறதுக்காக இருந்தேன். அந்தப் பிள்ளை அடிக்கிற வேகத்தைப் பார்த்தா எனக்கு உறக்கம் வந்துரும். ஒவ்வொரு பதிலுக்கும் நிறுத்தி, ‘அம்மா, இப்படித்தானே சொன்னீங்க?’ன்னு வாசிக்கா. ஜட்ஜ் அம்மாவும் பேனாவைக் கீழ வச்சுட்டுக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ‘அவன் தள்ளினான்’னா ‘அவன் தள்ளினான்’னே அடிக்கா. ஒரே சாட்சி, மத்தியானம் வரை ஓடுச்சு. வெளிய அத்தனை கேஸ்காரங்க வெயில்ல நிக்காங்க.

அந்த வார்த்தை இருக்குல்லா, அவன் சொன்னது? அதையும் கேட்டாங்க. மாடத்தி இந்தத் தடவை கொஞ்சம் தயங்கினா. ஜட்ஜ் அம்மா, ‘அது இல்லாம கெட்ட வார்த்தை பேசின குத்தத்தை நிரூபிக்க முடியாதும்மா. அவர் சொன்னதைத்தானே நீங்க சொல்லுதீங்க, உங்களுக்கு இதுல என்ன வெக்கம்?’ன்னாங்க. சொன்னா. சுபா முகத்துல ஒரு சலனம் இல்ல. கைக்குழந்தைக்காரி அவ. அப்படியே அடிச்சுட்டுத் திரும்பவும் வாசிச்சுக் காட்டினா. ஆவுடையப்பன் மறுபடியும் மேடை ஈரமா இல்லையான்னு கேட்டாரு. ‘ஈரமில்ல. அவன் தள்ளித்தான் விழுந்தேன்’னா. அவ்வளவுதான். அதுல கேலி கீலி ஒண்ணும் கிடையாது. அதை முதல்லயே சொல்லியிருந்தா யாருக்கு என்ன கஷ்டம்?

கார்த்தீசனுக்குத் தண்டனை ஆச்சு. அப்பீல் போட்டு ஜாமீன்ல இருக்கான். மாடத்தி இப்ப மில்லுக்குப் போறதில்ல, போகவும் முடியாது. மகன் வீட்டுல இருக்காளாம்.

என்னை நகல் பிரிவுக்கு மாத்தினாங்க. மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்தேன். ‘வழக்கமாகப் பின்பற்றப்படும் நடைமுறையையே நானும் பின்பற்றினேன்’னு. சுத்தமான தமிழ்ல, ஒரு பிழை இல்லாம. அதுக்கு ஒருத்தரும் பதில் போடல. நகல் பிரிவுல என்ன வேலைங்கீங்க? அடுத்தவங்க அடிச்சதை ஜெராக்ஸ் போட்டு ‘உண்மை நகல்’னு சீல் குத்திக் கொடுக்கணும். கட்டுக் கட்டாத் தூக்கணும். இந்தக் கையை வச்சுக்கிட்டு. அங்க யாரும் எதையும் சொல்லுததில்ல, நானும் எதையும் கேக்க வேண்டியதில்ல. நிம்மதின்னுதான் சொல்லணும். ஆனா மேல ஹால்ல ‘சாட்சி மாடசாமி, மாடசாமி’ன்னு டவாலி கூப்பிடுத சத்தம் கேட்டா என் விரல் தன்னால அசையும். சரி, அதை விடுங்க.

போன மாசம் மாடத்தி வந்தா, மருமகளைக் கூட்டிக்கிட்டு. அவன் போட்ட அப்பீலுக்கு இவ வக்கீல் கேட்டாராம், தீர்ப்பும் சாட்சியமும் நகல் வேணும்னு மனு போட்டிருந்தாங்க. கவுண்டர்ல நான்தான் இருந்தேன். என்னை அவளுக்கு அடையாளம் தெரிஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியல. தெரியாம இருக்குமா? தெரிஞ்ச மாதிரிக் காட்டல. கட்டைக் கொடுத்தேன்.

வாங்கினவ போக வேண்டியதுதான? போகல. அங்கயே எதிர் பெஞ்சுல உக்காந்துட்டா. மருமகளைப் பாத்து ‘வாசி’ன்னா. ‘வீட்டுல போய்ப் படிச்சுக்கிடலாம் அத்தை’ன்னு அவ சொல்லுதா. ‘இல்ல, இங்கனயே வாசி’ங்கா. அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கா, சத்தமா. எங்க பிரிவுல அத்தனை பேரும் வேலையை விட்டுட்டு இருக்கோம். மூட்டை, மேடை, பிள்ளைத்தாச்சி எல்லாம் வந்துது. அந்த வார்த்தை வந்ததும் மருமக நிறுத்திட்டா. ‘ஏன் நிறுத்துதே? அவன் சொன்னதுதான, வாசி’ன்னா. அவளும் வாசிச்சா. எனக்கு எங்க பாக்கன்னு தெரியல. ஸ்டேப்ளரை எடுத்து, இல்லாத தாளுக்குப் பின்னு அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

முடிஞ்சதும் தாளை வாங்கி நாலா மடிச்சு, மடியில வச்சுத் தடவினா. கம்பை ஊனி எந்திரிச்சு கவுண்டருக்கு வந்தா.

‘யாரும்மா இதை டைப் அடிச்சது?’ன்னு கேட்டா.

‘சுபான்னு ஒரு பிள்ளை. மேல ஹால்ல இருக்கா’ன்னேன்.

‘நல்லா அடிச்சிருக்குன்னு சொல்லிருங்க’ன்னா. சொல்லிட்டுப் போயிட்டா.

இத்தனை வருஷத்துல என் கையால எத்தனை ஆயிரம் பேர் சாட்சியம் போயிருக்கும்? ஒரு எழுத்துப் பிழை காட்ட முடியாது. ஜட்ஜுங்க சொல்லியிருக்காங்க, வக்கீலுங்க சொல்லியிருக்காங்க. ஆனா கூண்டுல ஏறின ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், திரும்பி வந்து என்கிட்ட இப்படிச் சொன்னது கிடையாதும்மா.

சுபாவை நான் தினமும் பாக்கேன். சாப்பாட்டு நேரத்துல என் மேஜையிலதான் வந்து உக்காருதா, ‘அக்கா, ஊறுகாய் வேணுமா’ன்னு கேக்கா. நான் இன்னும் சொல்லல.